சொல் விளக்கம்: பெக்

பேட்டரி எலிமினேட்டர் சர்க்யூட் என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்து பெக் ஆயின. ரேடியோ கட்டுப்பாட்டுக் கார் வைத்திருப்பவர்கள் அதை ஒரே சொல்லாகத்தான் புழங்குகிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மின்கல நீக்கிச் சுற்று’ என்று வரும். அந்தச் சுற்று எதை நீக்கியது என்று இந்தப் பெயர் சொல்கிறது. என்ன வேலை செய்கிறது என்று சொல்வதில்லை. வாங்கும்போது நேரும் தவறுகள் பலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

சொல் பிறந்தது வானொலியில். 1920களில் பேட்டரியில் ஓடிய வானொலிப் பெட்டியை வீட்டு மின்சாரத்தில் ஓட வைத்த கருவிக்குப் பேட்டரி எலிமினேட்டர் என்று பெயர். பின்னாளில் மோட்டோரோலாவான கால்வின் நிறுவனம் 1928இல் சிகாகோவில் தொடங்கியபோது அதன் முதல் சரக்கு இதுதான். நம் பள்ளி இயற்பியல் ஆய்வகங்களில் குமிழைத் திருப்பி 2 வோல்ட், 4 வோல்ட் என்று எடுக்கும் பெட்டிக்கும் இதே பெயர். ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி வண்டிகளில் மோட்டாருக்கு ஒரு பேட்டரி, கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும் (ஏற்பி) சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கும் நான்கு செல் கொண்ட 4.8 வோல்ட் பேட்டரி என்று இரண்டு இருந்தன. மோட்டார் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கு வேண்டிய மின்னழுத்தத்தை இறக்கித் தரும் சுற்று வந்ததும் இரண்டாவது போயிற்று.

ஆகவே பெக் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர். தமிழில் மின்னழுத்தச் சீராக்கி. ரெகுலேட்டர் என்றதும் மின்விசிறிக் குமிழ் நினைவுக்கு வந்தால் பொருள் தவறும். அது வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. சமையல் எரிவாயு உருளையின் ரெகுலேட்டர்தான் சரியான உவமை: உள்ளே அழுத்தம் எவ்வளவு மாறினாலும் வெளியே வருவது ஒரே அளவு. வண்டியில் அது யாருக்கு ஊட்டுகிறது என்பதையும் சேர்த்து ‘ஏற்பிச் சீராக்கி’ என்பது நல்ல தமிழ்ப்பெயர்.

சீராக்கியில் இரண்டு வகை. நேரியல் வகை மிச்ச வோல்ட்டை வெப்பமாக எரித்துவிடும். முழுதாக ஏற்றிய 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 8.4 வோல்ட். அதிலிருந்து 6 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் எடுத்தால் வெப்பம் 3.6 வாட். 3 செல்லில், அதாவது 12.6 வோல்ட்டில், அதே சுமைக்கு ஏறத்தாழ 10 வாட். விரல்நுனி அளவுச் சில்லு அதைத் தாங்காது. சூடேறித் தன்னையே அணைத்துக்கொள்ளும். ‘2 ஆம்பியர்’ என்று உறையில் அச்சிட்டிருப்பது எத்தனை செல்லுக்கு என்று பார்க்க வேண்டியது இதனால்தான். ஸ்விட்சிங் வகை மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி இறக்குவதால் வெப்பம் மிகக் குறைவு. யூபெக் என்று தனியே விற்கும் பெக்குகள் பெரும்பாலும் இந்த வகை. 3 செல்லுக்கும் அதற்கு மேலும் இது அல்லாமல் வேறு வேண்டாம்.

ஆம்பியரை முடிவு செய்வது சர்வோவின் ஸ்டால் மின்னோட்டம்: சக்கரம் கல்லில் மாட்டித் திரும்ப முடியாமல் நிற்கும்போது சர்வோ இழுப்பது. 25 கிலோ சர்வோ (முறுக்குவிசை 25 கிலோ-செ.மீ.) 2 முதல் 3 ஆம்பியர் வரை இழுக்கும். அதோடு ரிசீவர், விளக்குகளுக்குக் கால் ஆம்பியர் சேர்த்து ஒன்றரையால் பெருக்கினால் 5 ஆம்பியர் சீராக்கி போதும். குறைந்தால் மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்து மீண்டும் எழும். அந்த ஒரு நொடி வண்டி யார் கையிலும் இல்லை. பலரும் இதை ரேடியோக் கோளாறு என்று நினைத்து, கையில் பிடித்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டரை மாற்றுகிறார்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது மட்டும் ரிசீவர் விளக்கு சிமிட்டினால் குற்றவாளி சீராக்கிதான். மல்டிமீட்டர் இந்த நொடிச் சரிவைப் பிடிக்காது. டெலிமெட்ரியில், அதாவது ரிசீவர் டிரான்ஸ்மிட்டருக்குத் திருப்பி அனுப்பும் அளவீட்டில், பதிவாகும் மிகக் குறைந்த வோல்ட்டைப் பாருங்கள்.

வோல்ட்டை சர்வோவின் உறை சொல்லும். 6 வோல்ட் சர்வோவுக்கு 7.4 கொடுத்தால் அதன் மோட்டாரும் மின்சுற்றும் கருகக்கூடும்.

மோட்டாரின் வேகத்தை ஆளும் இ.எஸ்.சி.க்குள்ளும் பெரும்பாலும் ஒரு பெக் இருக்கும். தனி யூபெக் மாட்டும்போது அதன் உள்ளீட்டை இ.எஸ்.சி.யோடு இணையாக அதே பேட்டரியில் இணையுங்கள்; வெளியீட்டை ரிசீவரின் பேட்டரித் துளையில் செருகுங்கள். பிறகு இ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பிகளில் நடுச் சிவப்பை மட்டும் கழற்றிச் சுருங்கு குழாயால் மூடுங்கள். கழற்றாமல் விட்டால் இரண்டு சீராக்கிகளும் மோதும். சற்றே கூடுதல் வோல்ட் தருவது முழுச் சுமையையும் தூக்கும், மற்றதற்குள் மின்சாரம் பின்னோக்கிப் பாயக்கூடும். கறுப்பைக் கழற்றக் கூடாது. பொதுத் தரை இல்லாமல் சமிக்ஞை போகாது.