புதுச்சேரி கடற்கரை மணல் எங்கே போனது?

அலை வந்து திரும்பும் இடத்தில் நின்றால் குதிகாலுக்கு அடியில் மணல் பறிந்து, கால் குழிக்குள் இறங்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையோரம் கொட்டிய பாறாங்கற்களுக்கும் இதேதான் நடக்கிறது.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து, மணலையும் சாய்வாகவே மேலேற்றுகிறது. திரும்பும் நீரோ சரிவில் நேராக இறங்குகிறது. ஒரு மட்டைத் துண்டை அலையோரம் போட்டுப் பாருங்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி வடக்கே நகர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் திசை மாறும். ஆனாலும் வருடக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம், லட்சக்கணக்கான கன மீட்டர்.

1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புகள் கடலுக்குள் நீண்டன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே நகரத்துக்கு வர வேண்டியது வரவில்லை. அலை மட்டும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனது. தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. என்னைக் கேட்டால், துறைமுகத்தைவிடப் பெரிய பிழை அதுதான்.

கரை போனதும் கல் கொட்டினார்கள். மணல் சரிவில் ஏறும் அலை களைத்துப் போகும். கல்லில் மோதியதோ வேகத்தோடு திரும்பி, கல்லின் காலடியைப் பறிக்கும். கல் இறங்கும், மேலே இன்னொரு கல் போட வேண்டும். சாலை தப்பித்தது உண்மை, மணற்கரை தப்பவில்லை. அரிப்போ சுவர் முடிகிற இடத்துக்கு நகர்ந்தது: வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழகப் பக்கம் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம். மீனவர்கள் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கேட்கிறார்கள். வீடு இடிகிறவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? அதுவும் தெற்கே மணலைப் பிடித்துக்கொண்டு வடக்கு ஊரைப் பட்டினி போடும்.

செங்குத்தான மண்மேட்டுக் கரைகளில் கணக்கு இன்னும் விசித்திரம். அமெரிக்காவின் பியூஜெட் சவுண்டில், பனியாறுகள் விட்டுப்போன மணல் மேடுகள் சரிந்து விழுவதுதான் கீழேயுள்ள கரைக்குச் சாப்பாடு. மேட்டடியில் சுவர் வைத்தால் மேலே வீடு நிற்கும், கீழே கரை மெலியும். அங்கே சில இடங்களில் சுவரைப் பெயர்த்தெடுக்கிறார்கள்.

புதுச்சேரியில் 2018இல் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகுத் திட்டு ஒன்றை மூழ்கடித்தது. அலை அதன்மேல் உடைந்து வேகம் குறைய, பின்னால் மணல் தங்கியது. காந்தி சிலையருகே மறுபடி காலில் மணல் ஒட்டுகிறது. துறைமுக வாயிலில் தூர்வாரிக் கொட்டிய மணலும் அதில் உண்டு.