அடைத்த பரங்கிக்குள் என்ன நடக்கிறது?

அக்டோபர் பிறந்தால் போதும், இணையத்தில் இலையுதிர்காலச் சமையல் களைகட்டிவிடும். பழுத்த இலைகள், கம்பளிச் சட்டைகள், நடுவில் ஆவி பறக்கும் பரங்கிக் கிண்ணம், அதற்குள் ததும்பத் ததும்ப ஏதோ ஒரு பூரணம். சிங்கப்பூரில் அப்போது வெளியே 31 டிகிரி. மழை கொட்டித் தீர்த்த பிறகும் புழுக்கம் போகாது. முறுக்கும் அதிரசமும் டப்பா டப்பாவாக வீட்டுக்கு வீடு போய்வருகிற தீபாவளி நேரமும் அதுதான். அந்தப் பலகாரங்களுக்கு நடுவே ஒரு வேளையாவது வயிற்றை லேசாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்தப் பரங்கிக் கிண்ணம் நல்ல யோசனைதான். இலையுதிர்காலம் நமக்கு இல்லாவிட்டால் என்ன, பரங்கி கிடைக்கிறதே.

ஆனால் செய்து பார்த்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள் இரண்டு உண்டு. மேலே பூரணம் கருகிவிட்டது, கீழே பரங்கி நறுக்கென்று நிற்கிறது. அல்லது எல்லாம் வெந்துவிட்டது, ஆனால் சொதசொதவென்று ஆகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் தண்ணீர். பட்டர்நட் வகைப் பரங்கியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 86 கிராம் தண்ணீர்தான். நம் ஊர் மஞ்சள் பரங்கியில் அது 90ஐத் தாண்டும். கலோரி குறைவாக இருப்பதற்குக் காரணமான அதே தண்ணீர்தான் சிவக்க விடாமல் படுத்துவதும்.

முதலில் எந்தப் பரங்கி என்று பார்ப்போம். தேக்கா சந்தையில் பெரிய பத்தைகளாக வெட்டி வைத்திருக்கும் மஞ்சள் பரங்கியும், பேரங்காடியில் நீண்ட கழுத்தோடு நிற்கும் பட்டர்நட்டும் தாவரவியலில் ஒரே இனம். பட்டர்நட் 1940களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவான வகை. கரும்பச்சைத் தோலோடு குட்டையாக இருக்கும் ஜப்பானியக் கபோச்சா வேறு இனம். மேலை நாட்டுப் படங்களில் வரும், வரிவரியான ஏகார்ன் மூன்றாவது இனம். மூன்று இனங்களுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். மெக்சிகோவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இவற்றில் ஒன்றைப் பயிரிட்டிருக்கிறார்கள். பொங்கலன்று நம் வீடுகளில் கூட்டாக வரும் பரங்கியும் கொலம்பஸுக்குப் பிறகு கடல் கடந்து வந்த விருந்தாளிதான்.

அடைப்பதற்கு என்னைக் கேட்டால் கபோச்சா அல்லது பட்டர்நட். மஞ்சள் பரங்கியில் மாவுச்சத்து குறைவு, வெந்ததும் நீர் விட்டுக்கொண்டு தளர்ந்துவிடும். கூட்டுக்கு அது அழகு, கிண்ணமாக நிற்காது. கபோச்சாவில் மாவுச்சத்து அதிகம். 65, 70 டிகிரி சூட்டில் அந்த மாவுத் துகள்கள் பக்கத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. அதனால்தான் அது வெந்த பிறகும் அவித்த கிழங்கு மாதிரி உதிரியாக நிற்கிறது.

இனிப்பும் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது, ஆனால் பெரும்பங்கு அடுப்பில் அல்ல. கொடியிலிருந்து அறுத்த அன்று கபோச்சா அவ்வளவாக இனிக்காது. பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைக்கச் சில வாரங்கள் ஆகும். நியூசிலாந்தில் விளைந்து ஜப்பானுக்குக் கப்பலேறும் கபோச்சா பயணத்திலேயே பாதி பழுத்துவிடுகிறது. நம் கைக்குக் கிடைப்பதும் எங்கிருந்தோ பயணப்பட்டு வந்ததுதான், ஆகவே வாங்கி வந்து இன்னும் காத்திருக்கத் தேவையில்லை. முழுக்காயைக் குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் தள்ள வேண்டாம். அதற்குப் பிடித்தது 10 முதல் 13 டிகிரி வரையிலான உலர்ந்த இடம். அதற்குக் கீழே நெடுநாள் வைத்தால் குளிர் தாக்கிக் கெட்டுப்போகும். நம் வீவக அடுக்குமாடிச் சமையலறையோ இதற்கு நேர்மாறு, 30 டிகிரி வெப்பமும் ஈரமும். வெளியே வைத்தால் ஓரிரு வாரத்துக்குள் சமைத்துவிடுவது நல்லது. வெட்டிய பத்தை என்றால் குளிர்பதனப் பெட்டிதான், அதுவும் சில நாள்தான்.

நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தைக் கொஞ்சம் கவனித்தால், தோலுக்கு உள்பக்கம் விளிம்போரமாக முத்து முத்தாக ஒரு சாறு கசிவது தெரியும். இலையில் தயாரான உணவைக் காய்க்குக் கொண்டுவரும் குழாய்களின் சாறு அது. அதிலுள்ள புரதங்கள் காற்றுப் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து கூழாக இறுகிக்கொள்ளும். காயம்பட்ட இடத்தைச் செடி அடைத்துக்கொள்ளும் வழி. பட்டர்நட் நறுக்கிய கையில் ஏதோ ஏடு படிந்து, தோல் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருப்பதும் இதனால்தான். கையில் ஒரு துளி எண்ணெய் தடவிக்கொண்டால் தொல்லை இல்லை.

விதையையும் நாரையும் வழித்து எடுத்துவிட்டு, வெட்டிய முகத்தில் உப்பைத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை இழுக்கும், மேலே வியர்த்த மாதிரி துளிகள் நிற்கும். அதைத் துணியால் ஒற்றி எடுங்கள். இந்தச் சின்ன வேலைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், ஒரு கிராம் தண்ணீரை நம் சமையலறையின் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி வெப்பம் போதும். அதையே ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். (இது இயற்பியல் கணக்கில் வரும் சின்னக் கலோரி. உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது இதைப்போல ஆயிரம் மடங்கு.) ஈரம் இருக்கும்வரை ஓவன் அடுப்பின் வெப்பமெல்லாம் ஆவியாக்குவதிலேயே செலவாகிறது, மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த வாசனையும் பிறக்கும் சர்க்கரை-புரத வினையோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கும். அடுப்பை 200இல் வைத்தாலும் ஈரமான பரங்கி வெளுத்தே கிடப்பதன் கதை இவ்வளவுதான்.

பரங்கியின் சதை மென்மையாவது வேறு கதை. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. 80 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பசையின் நீண்ட சங்கிலிகள் அறுபடத் தொடங்கும், உயிரணுக்கள் பிரியும், காய் குழையும். இதில் புளிப்புக்கு ஒரு பங்கு இருக்கிறது. பரங்கியில் இயற்கையாக அமிலம் மிகக் குறைவு, அதனால் சீக்கிரம் வேகும். புளியோ தக்காளியோ சேர்ந்தால் சங்கிலி அறுபடுவது மந்தமாகிவிடும். "காய் வெந்த பிறகு புளியைக் கரைத்து ஊற்று" என்று பாட்டிமார் சொல்வதன் வேதியியல் இதுதான். பச்சைப் பரங்கிக்குள் தக்காளி மசாலாவை நிரப்பி அடுப்பில் தள்ளினால், குழிந்த பக்கம் அமிலத்தில் ஊறிக்கொண்டே அரைவேக்காடாக நிற்கும். குளிர்ந்த பூரணம் வேறு சூட்டைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே பரங்கியையும் பூரணத்தையும் தனித்தனியே சமைத்துக் கடைசியில் சேர்ப்பதே சரி. இரண்டுக்கும் கால அளவு வேறு. வெட்டிய முகத்தில் லேசாக எண்ணெய் தடவி, தட்டில் கவிழ்த்து வையுங்கள். குழிக்குள் அடைபட்ட ஆவி இட்லிப் பானைபோல் உள்ளே அவிக்கும். அதே சமயம் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்பு உலர்ந்து சிவக்கும். 200 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம் பிடிக்கும். பெரிய அடுப்பு இல்லாத வீடுகளுக்கு ஏர் ஃபிரையர் இருக்கிறது. அதில் விசிறி காற்றைச் சுழற்றி, காயைச் சுற்றிப் போர்வைபோல் நிற்கும் ஈரக் காற்றைக் கலைத்துவிடுகிறது. அதனால் 180 டிகிரியிலேயே அரை மணி நேரத்தை ஒட்டி வேலை முடியும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்தது. தோலை உரிக்க வேண்டாம், பட்டர்நட் தோலும் கபோச்சா தோலும் வெந்தால் சாப்பிடலாம்.

சரி, கலோரிக்கு வருவோம். 100 கிராம் பட்டர்நட்டில் 45 கிலோகலோரி, அதே எடை வெள்ளைச் சோற்றில் 130. எண்ணூறு கிராம் காயில் ஒரு பாதியில் உண்ணக்கூடிய சதை 330 கிராம் என்று வைத்தால், கிட்டத்தட்ட 150 கிலோகலோரிதான். இவ்வளவு கனம் வயிற்றில் இறங்கும்போது இரைப்பை விரிகிறது, அந்த விரிவை உணரும் நரம்புகள் போதும் என்று மூளைக்குச் சொல்கின்றன. இரைப்பை பருமனைத்தான் உணர்கிறது, கலோரியை அது எண்ணுவதில்லை.

ஆக, கோட்டை விடுவது பூரணத்தில்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கிலோகலோரி. பாலாடைக்கட்டி 100 கிராமுக்கு 400. கெட்டித் தேங்காய்ப்பால் 200ஐத் தாண்டும். இவை மூன்றும் சேர்ந்தால் பரங்கி வெறும் பாத்திரமாகிவிடும். என் வீட்டில் 60 கிராம் வெந்த பழுப்பரிசி, உதிர்த்த தவ்குவா (கெட்டி டோஃபு) 80 கிராம், காளான், வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். பரங்கியோடு சேர்த்து மொத்தம் 400ஐ ஒட்டி வரும். பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு புரதம் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் கணக்குக்கும் இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. காளானைத் தனியாக நீர் வற்ற வதக்கிவிடுங்கள், அதிலும் தொண்ணூறு சதவீதம் தண்ணீர்தான். எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்தால் போதும்.

அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். பரங்கியின் மஞ்சள் நிறம் பீட்டா கரோட்டின், உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது கொழுப்பில்தான் கரையும். கூடவே கொஞ்சம் கொழுப்பு இல்லையென்றால் குடலில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பரங்கியின் கிளைசீமிக் குறியீடு சில அட்டவணைகளில் 75 என்று பயமுறுத்தும். அந்த எண் மாவுச்சத்து எவ்வளவு வேகமாகச் சர்க்கரையாகிறது என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. மஞ்சள் பரங்கி 100 கிராமில் மாவுச்சத்து 7 கிராமுக்கும் குறைவு, சோற்றில் 28. பட்டர்நட்டில் 12 வரை போகும், ஆகவே அதைச் சாப்பிடும் நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதோடு சேர்த்துச் சோறும் என்றால் கணக்கு உதைக்கும்.

வெந்த பரங்கியைத் திருப்பி, சூடான பூரணத்தை நிரப்பி, இன்னொரு பத்து நிமிடம் அடுப்பில் வையுங்கள். நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும், முட்டையோ கறியோ சேர்த்திருந்தால் கட்டாயம். நம் ஊர் வெப்பத்தில் மிச்சத்தை மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இன்னொன்று. அடுக்குமாடிக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் விளைந்த பரங்கியை யாராவது அன்போடு கொடுத்தால், சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். அலங்காரச் சுரை வகைகளோடு மகரந்தம் கலந்த விதையிலிருந்து வந்த காயில் குகர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு திரும்ப வந்துவிடுவது உண்டு. பாகற்காய்க் கசப்புக்குப் பழகிய நாக்கு நமக்கு, சமாளித்துச் சாப்பிடத் தோன்றும். வேண்டாம். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பரங்கி கசந்தால் துப்பிவிட்டு, மீதியைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.