ரௌட்டர் தூசிக்கு ஒரு பெயின்ட் வாளி

காலை பத்து மணிவாக்கில் என் பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியாக ஒரு வெயில் கீற்று உள்ளே விழும். ஒருநாள் எம்.டி.எஃப். கதவில் ரௌட்டரால், அதாவது மரத்தில் பள்ளமும் ஓரமும் செதுக்கும் மின்கருவியால், டிசைன் ஓட்டிவிட்டு, மெஷினை நிறுத்தி, டீக்கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தேன். அந்தக் கீற்றுக்குள் தூசி இன்னும் மிதந்துகொண்டிருந்தது. கீற்றுக்கு வெளியே காற்று சுத்தமாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. இத்தனை வருடமாக இதைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இழைப்புளி தள்ளினால் சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழும், அள்ளி அடுப்புக்குக் கொடுக்கலாம். ரௌட்டர் அப்படியல்ல. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிற அதன் வெட்டும் முனை, அதாவது பிட், சீவலோடு சேர்த்துப் பொடியையும் கிளப்புகிறது. எம்.டி.எஃப். என்றால் கேட்கவே வேண்டாம். நாராகப் பிரித்த மரத்தைப் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் அழுத்திச் செய்த பலகை அது. வெட்டினால் பசையும் சேர்ந்துதான் மாவாகிறது.

பெரிய தூளை மூக்கு பிடித்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நாற்காலிக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரத்தில், மரச்சாமான் தொழிலாளர்களுக்கு மூக்கின் உள்ளறைகளில் அபூர்வமான ஒரு புற்றுநோய் அளவுக்கு மீறி வருவதை 1960களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூசியை முதல் வகையில் சேர்த்தது. சிகரெட் புகையும் அதே வகைதான். இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்குப் பொருளில்லை, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று போதுமானது என்று பொருள். 10 மைக்ரானுக்குக் கீழே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உள்ள தூசி மூக்கைத் தாண்டி இன்னும் உள்ளே போகும்.

நம் பட்டறைகளில் இதற்கு என்ன வைத்திருக்கிறோம்? முகத்தில் ஒரு துண்டு. சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம், இல்லை வாழைப்பழம். வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது, இரண்டுக்கும் சந்திப்பே கிடையாது. அப்புறம் புளோவர்! படிந்து சும்மா கிடந்த தூசியைத் தட்டியெழுப்பி நம் மூக்குக்கே அனுப்பும் கருவிக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். ரௌட்டருக்கும் தூசியை உறிஞ்சும் வாக்யூமுக்கும் நடுவில் மூடி போட்ட ஒரு 20 லிட்டர் பெயின்ட் வாளி. மூடியில் இரண்டு ஓட்டை. உள்ளே வரும் குழாயின் முனையில் எல்போ (வளைந்த இணைப்பு) மாட்டி, காற்று வாளியின் சுவரை ஒட்டிச் சுழலும்படி திருப்பி வைத்தேன். வெளியேறும் குழாய் நடுவில். சுழற்சியில் கனமான தூள் ஓரத்துக்கு ஒதுங்கிக் கீழே விழுந்துவிடும். மிக நுண்ணிய தூசி மட்டும் வாக்யூமுக்குப் போகும். வாளி இல்லாமல் நேராக மாட்டினால் ஃபில்டர் சீக்கிரமே அடைத்து இழுவை செத்துவிடும்.

முதல் வாளி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குழாயில் ஒரு பிளைவுட் சிராய் அடைத்ததும் வாளி ‘டொப்’பென்று உள்பக்கமாக நசுங்கியது. இப்போது வாளிக்குள் வாளியாக இரண்டைப் போட்டிருக்கிறேன்.

குழாயில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். இரண்டரை அங்குலத்தை ஒன்றேகால் அங்குலமாகக் குறுக்கினால் காற்று போகும் வழி பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். திருப்பங்களில் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி போடுங்கள்.

ரௌட்டரைத் தலைகீழாக அடியில் மாட்டிய ரௌட்டர் டேபிளில் இரண்டு இடத்தில் இழுக்க வேண்டும்: மேலே மரத்தை அணைத்துத் தள்ளும் ஃபென்ஸுக்குப் பின்னால், கீழே ரௌட்டரைச் சுற்றிய பெட்டியில். அந்தப் பெட்டியை நான் முதலில் காற்றுப் புகாமல் சிலிக்கான் வைத்து அடைத்தேன். கெட்டிக்காரத்தனம்! குளிர்ந்த காற்று கிடைக்காமல் மோட்டார் சூடேறி பேரிங் போனது. பெட்டியில் காற்று நுழைய ஓர் ஓட்டை கட்டாயம் வேண்டும்.

கையில் பிடித்து ஓட்டும்போது பிட்டைச் சுற்றி அக்ரிலிக் கூடு போதும், பள்ளம் எடுக்கையில் பெரும்பகுதி தூள் மாட்டிக்கொள்ளும். ஓரம் ஓட்டும்போது பிட்டின் ஒருபக்கம் திறந்தவெளியில் நிற்பதால் தூள் வெளியே வீசத்தான் செய்யும். அதனால் மாஸ்க்கைக் கழற்றவே கூடாது. என்95 அல்லது எஃப்எஃப்பி2, மூக்கோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஓரம் வழியாகக் கசியும். இது எங்கள் பட்டறையில் அடிக்கடி சண்டை வரும் விஷயம்.

பலரும் கோட்டை விடுவது வாக்யூமின் பின்பக்கத்தை. சாதாரணத் துணிப்பை பெரிய தூளை வைத்துக்கொண்டு நுண்ணியதை அறைக்குள்ளேயே ஊதிவிடும். ராத்திரி விளக்கை அணைத்து, வாக்யூமை ஓடவிட்டு, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், புகை மாதிரி தெரியும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போடலாம். ஆள் நடமாட்டமில்லாத பக்கம் இருந்தால் வாக்யூமைச் சுவருக்கு வெளியே வைத்துவிடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், பட்டறைக்குள் சத்தமும் குறைந்தது.

தூள் உரசி ஓடுவதில் நிலைமின்சாரம் சேர்ந்து, பிவிசி குழாயைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும். குழாய்க்குள் ஒரு செம்புக் கம்பி ஓட்டி எர்த் கொடுத்தேன். அதைவிட எனக்குப் பயம், மழுங்கிய பிட்டால் கருகிய தூள் கங்கோடு வாளிக்குள் போய் ராத்திரி புகைவது. பட்டறையைப் பூட்டுவதற்கு முன் வாளியை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறோம். அதுவும் காற்றுக்கு எதிரே நிற்காமல், மாஸ்க்கோடு.