பாடநூல் ஓரத்து விரைவுக் குறியீடு: சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்துவது எப்படி?

தமிழ்நாட்டு அரசுப் பாடநூலைப் புரட்டினால் பாடம் தொடங்கும் பக்கத்தில் ஓர் ஓரமாகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று இருக்கும். நூலின் முன்பக்கங்களில் அதை ‘விரைவுக் குறியீடு’ என்று எழுதியிருப்பார்கள். எல்லோரும் சொல்வது கியூஆர் கோடு. 2018-19இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது இது நூலில் இடம்பிடித்தது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்து வந்த புதிய நூல்களிலும் தொடர்ந்தது. பிள்ளை கிரேயானால் அதன் மேல் கிறுக்கி வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அதைத் திறந்து பார்த்த வீடுகள் குறைவு.

குறியீட்டுக்குப் பின்னால் இருப்பது பாடக் காணொளிகள் கொண்ட ‘தீக்ஷா’ என்ற இணையத் தளம். 2017 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டுப் பாடங்களுக்கான உள்ளடக்கத்தைத் தருவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். காசு கிடையாது. கணக்கு தொடங்காமலே பார்க்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு விலையில்லாமல் வரும் நூலிலும், மெட்ரிக் பள்ளியில் விலை கொடுத்து வாங்கும் நூலிலும் இருப்பது ஒரே குறியீடுதான். சிபிஎஸ்இ பள்ளி என்றால் நூலே வேறு. தீக்ஷாவின் செயலியில் ‘போர்டு’, அதாவது கல்வி வாரியம், எது என்று கேட்கும்போது அதற்கேற்ப மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எது உரிமை, எது வசதி

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழ், இதழ்கள், கதை நூல்கள் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணையே சொல்கிறது. இது உரிமை. ‘எங்கள் பள்ளியில் கதைப் புத்தகமே இல்லை’ என்று நீங்கள் எழுத்து மூலமாகக் கேட்கலாம்.

தீக்ஷா, கல்வித் தொலைக்காட்சி, தொடக்கப் பள்ளிகளில் வந்திருக்கும் திறன்மிகு வகுப்பறை (ஸ்மார்ட் கிளாஸ்), ஆசிரியர் கையில் இருக்கும் கைக்கணினி (டேப்லெட்) எல்லாம் திட்டத்தின் வழியாக வந்த வசதிகள். 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 79,723 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்பது அரசின் அறிவிப்பு. அந்தக் கைக்கணினி பிள்ளைக்குக் கொடுத்துவிடும் பொருளன்று. பாடம் காட்டவும் மதிப்பீட்டைப் பதியவும் ஆசிரியருக்குத் தந்தது. ‘டேப் வந்திருக்கிறதாமே, என் பையனுக்கு ஏன் தரவில்லை?’ என்று தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

முதல் முறை திறப்பது

ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் பிளே ஸ்டோரில் தீக்ஷா செயலியை நிறுவுங்கள். திறந்ததும் மொழி கேட்கும். பிறகு நீங்கள் ஆசிரியரா, மாணவரா என்பது போன்ற கேள்வி வரும். அடுத்து போர்டு, பயிற்றுமொழி, வகுப்பு. இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. செயலியின் மொழியைத் தமிழாக்கிவிட்டுப் பயிற்றுமொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவார்கள். பொத்தான்கள் தமிழில் இருக்கும், வரும் பாடங்களோ ஆங்கில வழிப் பாடங்களாக இருக்கும். இரண்டும் தனித்தனி அமைப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு ஸ்கேன் செய்யும் பொத்தானை அழுத்தினால் கேமராவுக்கு அனுமதி கேட்கும். அதற்கு ‘ஆம்’ சொல்லாமல் போனால் திரை கறுப்பாகவே நிற்கும். நூலைத் தட்டையாக விரித்து, கைப்பேசியை ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். நூலின் மடிப்போடு ஒட்டி அச்சான குறியீடு வளைந்து தெரிவதால் பிடிபடாது. முதுகுப் பக்கத்தை நன்றாக அழுத்தி விரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய்க் கறை, கிரேயான் கிறுக்கல், மங்கலான நகல் ஆகியவற்றுக்கு மருந்து கிடையாது. குறியீட்டின் அடியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி அச்சாகியிருந்தால், டிக்‌ஷா டாட் கவ் டாட் இன் தளத்தில் அதைத் தட்டச்சு செய்து அதே பாடத்தை எடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் வகுப்பையும் பாடத்தையும் தேர்ந்தெடுத்து மின்னூல் வழியாக உள்ளே போகலாம்.

கைப்பேசியின் சாதாரணக் கேமராவில் ஸ்கேன் செய்தாலும் தளம் திறக்கும். ஆனால் அது பிரவுசரில் திறப்பதால் தரவிறக்கி வைக்கும் வசதி கிடைக்காது. செயலிக்குள் இருந்து ஸ்கேன் செய்வதே நல்லது.

இன்னொன்று: நம் பாடநூல்களில் குறியீடு இரண்டு வகை. ஒன்று பாடத் தொடக்கத்தில் இருப்பது, தீக்ஷாவுக்குப் போவது. மற்றது ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டத்துக்குள் இருப்பது. இது வெளித்தளங்களுக்குப் போகும். அந்தத் தளம் மூடியிருந்தாலோ முகவரி மாறியிருந்தாலோ குறியீடு செத்ததுதான். 2020 டிசம்பரோடு ஃபிளாஷ் தொழில்நுட்பம் நின்றுபோனதால் அதில் செய்த பழைய விளையாட்டுகள் இப்போது ஓடாது. உங்கள் கைப்பேசியில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

நெட் இல்லாத நேரத்துக்கு

சின்னப் பிள்ளையை உட்காரவைத்த பிறகு திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் அன்றைய பாடம் அவ்வளவுதான். ஆகவே முந்தின நாளே தரவிறக்கி வையுங்கள். நடுத்தரத் தரத்தில் ஐந்து நிமிடக் காணொளிக்குச் சுமார் 40 எம்பி ஆகும். ஒரு பருவத்துப் பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் இறக்கினால் பழைய கைப்பேசி நிரம்பிவிடும். அந்த வாரத்துப் பாடம் போதும்.

இறக்கிய காணொளி கேலரியில் வராது, செயலிக்குள் தரவிறக்கப் பகுதியில்தான் இருக்கும். ‘இடம் இல்லை’ என்று செயலியை அழித்தால் அத்தனையும் போய்விடும். ஒருவர் இறக்கியதைக் கோப்பாகப் பகிரும் வசதியும் உண்டு. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் வாங்குகிறவரிடமும் தீக்ஷா இருந்தால்தான் அது திறக்கும். சில பாடங்களில் தரவிறக்கும் பொத்தானே இருக்காது. அவை யூடியூபிலிருந்து இணைத்தவை. நெட் இருக்கும்போது மட்டும் ஓடும்.

ஆறு வயதுப் பிள்ளையோடு இருபது நிமிடம்

உண்மையான வேலை இங்கேதான். கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனால் பிள்ளை காணொளி பார்க்கும், வாசிக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். திரையில் அணில் படம் வருகிறது, கீழே ‘அணில்’ என்ற சொல், கூடவே குரல். பிள்ளையும் உடனே ‘அணில்’ என்கிறது. நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அது படத்துக்குப் பெயர் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். காணொளியை நிறுத்துங்கள். படத்தை உள்ளங்கையால் மறையுங்கள். ‘ணி’ எங்கே இருக்கிறது என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு தாளில் ‘மணி’, ‘பணி’, ‘துணி’ என்று எழுதிக் கேளுங்கள். படம் இல்லாமல் ‘துணி’யைப் படித்துவிட்டால் ‘ணி’ வந்துவிட்டது. இல்லையென்றால் அதே காணொளியை நாளைக்கும் போடலாம், தப்பில்லை.

கொம்பு வரும் எழுத்துகளில் இன்னும் பொறுமை வேண்டும். ‘தேர்’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு, வாய்க்கு முதலில் வருவதோ ‘த’ என்ற ஒலி. ஒலிக்கும் எழுத்துக்கும் இங்கே வரிசை மாறுகிறது. காணொளி அந்த இடத்தை இரண்டு நொடியில் தாண்டிவிடும். நிறுத்தி, ‘தெரு’, ‘தேர்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிள்ளையையே போடச் சொல்லுங்கள்.

பாடநூலின் பிடிஎஃப் கோப்பைக் கைப்பேசியில் வாசிக்கக் கொடுக்கும்போது வேறொரு சிக்கல். முழுப்பக்கமும் அந்தச் சின்னத் திரையில் அடங்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். பிள்ளை ‘பால்’ என்பதை ‘பால’ என்று படிக்கும், நாம் அதட்டுவோம். அதன் கண்ணுக்குப் புள்ளி தெரியவே இல்லை. கைப்பேசியைப் படுக்கவைத்து, ஒரு வரி திரையின் அகலத்தை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அச்சு நூல் கையில் இருந்தால் வாசிப்பை அதிலேயே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. முதலில் நூல், நடுவில் காணொளி, மறுபடியும் நூல் என்ற வரிசை சின்ன வகுப்புகளுக்குப் பொருந்தும்.

எவ்வளவு நேரம்? 2020 ஜூலையில் ஒன்றியக் கல்வித் துறை வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல், மழலையர் வகுப்புக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மிகாமல் இருக்கச் சொன்னது. அது இணையவழி நேரடி வகுப்புக்கான மேல்வரம்பு. வீட்டில் அந்த வரம்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இந்தக் கணக்கில் பாட்டியோடு பார்க்கும் கார்ட்டூனும் சேரும்.

எந்தப் பாடம் என்பதை யார் சொல்வது

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. பிறகு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் மொட்டிலும் கணக்கில் மலரிலும் இருக்கலாம். ஆகவே ‘மூன்றாம் வகுப்பு, முதல் பாடம்’ என்று நீங்களாகவே ஸ்கேன் செய்து தொடங்கினால் பள்ளியில் நடப்பதோடு ஒட்டாமல் போகும். வகுப்பாசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘டீச்சர், இவன் இப்போ எந்த நிலையில இருக்கான், இந்த வாரம் எந்த எழுத்து?’ நிலை கீழே இருந்தால் முந்தைய வகுப்பு நூலின் குறியீட்டைத் திறப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பாடநூலுக்கு வெளியே கதை வேண்டுமென்றால் இரண்டு இடங்கள். ஒன்று, 2023-24 ஒன்றிய பட்ஜெட்டில் அறிவித்து, நேஷனல் புக் டிரஸ்ட் நடத்தும் ‘ராஷ்ட்ரீய இ-புஸ்தகாலயா’. இதில் நூல்களை 3-8, 8-11, 11-14, 14-18 என வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். மற்றது பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’. இது அரசுத் திட்டமன்று, ஆனால் இலவசம். மொழியைத் தமிழாக வைத்து நிலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 250 சொல்லுக்கு உட்பட்ட கதைகள் வரும். நிலை இரண்டு 600 சொல் வரை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டும் கொடுக்கலாம், பள்ளிக்கு இது பெரிய உதவி. மொழிபெயர்ப்புக் கதைகளில் தமிழ் சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். பிள்ளையிடம் கொடுக்குமுன் ஒருமுறை நீங்கள் படித்துப் பாருங்கள்.

காசு, ஓடிபி, புகார்

தீக்ஷாவில் பாடம் பார்க்க ஆதார் எண்ணோ, பள்ளியில் பிள்ளைக்குத் தரும் எமிஸ் அடையாள எண்ணோ, வங்கி விவரமோ வேண்டாம். ‘அரசு இலவச டேப்லெட், இந்த லிங்கில் பதிவு செய்யுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஓடிபி சொல்லிவிடாதீர்கள். குறியீட்டின் மேல் யாரோ ஒட்டிய ஸ்டிக்கரையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். பணம் கட்டும் கியூஆரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

பள்ளியில் திறன்மிகு வகுப்பறை பூட்டிக் கிடந்தாலோ, இணைய இணைப்பு இல்லை என்று காரணம் சொன்னாலோ, முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது மறந்துபோகும், தீர்மானம் பதிவேட்டில் நிற்கும். அதன் பிறகும் நகரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. திறக்காத குறியீட்டைப் பற்றிச் சொல்வதானால் வகுப்பு, பயிற்றுமொழி, பருவம், பக்க எண் நான்கையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். சின்ன வகுப்புகளில் பருவத்துக்கு ஒரு நூல் என்பதால் ‘மூன்றாம் வகுப்பு, தமிழ், 24ஆம் பக்கம்’ என்று மட்டும் சொன்னால் எந்த நூல் என்று அவர்களுக்குத் தெரியாது.