கூறைச்சேலையும் தோள்மூட்டு ஸ்கானும்

"அப்பாவுக்கு வலக்கை தூக்க ஏலாது. ஒரு இடத்தில ஸ்கான் பண்ணினால் சவ்வு கிழிஞ்சிட்டுது எண்டினம், இன்னொரு இடத்தில கிழியேல்லை எண்டினம். எந்த மெசின் பொய் சொல்லுது?" சாவகச்சேரி வாசகி ஒருவரின் கேள்வி. அப்பா முப்பது வருசம் பனை ஏறியவராம்.

மெசினில் பிழை இருக்க வேண்டியதில்லை. அதைப் பிடித்த கை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே போதும்.

தோளின் குண்டைக் குழியோடு அணைத்துப் பிடிப்பவை நான்கு தசைகள். சவ்வு என்று நாம் சொல்வது அவற்றின் தசைநாண்களை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நார்ப்பட்டிகளை. அதிகம் கிழிவது மேலே ஓடும் சுப்ராஸ்பினேட்டஸ். எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. இந்த ஸ்கான், அதாவது அல்ட்ராசவுண்ட், வேலை செய்வது மீன்பிடி வள்ளத்து எக்கோ சவுண்டரைப் போலத்தான்: ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும். உடலுக்குள் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் ஓடும். 2 சென்ரிமீற்றர் ஆழம் போய்வர 26 மைக்ரோசெக்கன்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். தசைநாண் என்பது ஒரே திசையில் நெருக்கி அடுக்கிய கொலாஜன் நார்கள். ஒலி அவற்றின்மேல் செங்குத்தாக விழுந்தால் அப்படியே திரும்பி வரும். திரையில் வெள்ளைக் கோடுகள். சில பாகை சாய்ந்தாலோ எதிரொலி வேறு பக்கம் தெறித்துவிடும், திரையில் கறுப்பு. கிழிவுக்குள் தேங்கிய நீரும் கறுப்புத்தான்! போதாக்குறைக்கு, சுப்ராஸ்பினேட்டஸ் எலும்பில் ஒட்டப்போகும் இடத்தில், அடிக்கடி கிழிகிற அதே இடத்தில், நார்கள் வளைந்து இறங்குகின்றன.

கடையில் கூறைச்சேலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மினுங்கும், சற்றுத் திருப்பினால் மங்கும். அதற்காகச் சேலை கிழிந்துவிட்டதென்று யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. பழகிய கை இங்கும் அதையே செய்யும்: கருவியை மெல்ல ஆட்டும். கறுப்பு மறைந்தால் அது சாய்வின் வேலை. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மறையாமல் நின்றால் கிழிவு. "கையைப் பின் பொக்கற்றில வையுங்கோ" என்பதும் எலும்புக்கு அடியில் ஒளியும் தசைநாணை முன்னே கொண்டுவரத்தான். (சாரம் கட்டினவருக்குப் பொக்கற் ஏது? இடுப்புக்குக் கீழே வைத்தால் சரி.)

எம்.ஆர்.ஐ.யும் இதே நார்களிடம் ஏமாறும். கறுப்பாகத் தெரிய வேண்டிய தசைநாண், காந்தப்புலத்துக்கு 54.7 பாகையில் கிடந்தால் சில வகைப் படங்களில் வெளிறிக் கிழிவுபோல நிற்கும். பெயரே 'மாயக் கோணம்'. கோசைனின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பூச்சியம் வரும் கோணம் அது; உயர்தரப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம்.

கருவி வாங்க வெளிநாட்டிலும் காசு சேர்க்கிறோம், நல்லது. அதைப் பிடிக்கும் கையைப் பழக்கக் காசு சேர்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

வாசகிக்கு: இரண்டாமவர் சிறு கிழிவைத் தவறவிட்டிருக்கவும் கூடும். அறுபது தாண்டியவர்களில் வலியே இல்லாத கிழிவும் சாதாரணம். ஆகவே இரண்டு அறிக்கைகளோடும் அப்பாவையும் கூட்டிக்கொண்டுபோய் எலும்பு மருத்துவரிடம் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வாய்வுப் பிடிப்பென்று எண்ணெய் போட்டு உருவி மாதங்களைக் கடத்த வேண்டாம். முழுதாய்க் கிழிந்திருந்தால் தசை சூம்பி, பிறகு தைப்பதும் கடினமாகிவிடும்.