நகலாக்கம் அல்ல, மறுசோதனை

"உளவியல் ஆய்வுகளில் பாதிக்கு மேல் நகலெடுக்க முடியாதவை." இந்த வரியை ஏதாவது ஒரு வடிவத்தில் இன்னும் எத்தனை முறை படிப்பது? மனித நடத்தை பற்றிய ஆய்வுச் செய்தி தமிழுக்கு வரும்போதெல்லாம் ரெப்ளிகேஷன் என்ற ஆங்கிலச் சொல் நகலெடுப்பாகவோ நகலாக்கமாகவோ மாறிவிடுகிறது. விஷயம் தெரியாதவர் படித்தால், கட்டுரையைப் பிரதி எடுப்பதில் ஏதோ சிக்கல் என்றுதான் நினைப்பார்.

மூலம் லத்தீன்: ரெப்ளிகாரே, திரும்ப மடிப்பது. நம் மடி, மடங்கு என்ற சொற்களுக்குப் பக்கத்தில் வரும் கருத்து. டிஎன்ஏ தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்குவதை உயிரியல் இரட்டிப்பாதல் என்கிறது. அங்கே அது சரி. சமூக அறிவியலில் பொருள் வேறு. ஒருவர் செய்த சோதனையை வேறு ஆட்களை வைத்து, புதிதாகத் தரவு திரட்டி, அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பது.

நகல் அரபியிலிருந்து வந்தது என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. அன்றாடம் புழங்கும் நல்ல சொல்தான். ஆனால் நகலும் மூலமும் ஒத்துப்போகாவிட்டால் பிழை எதில்? நகலில். மூலத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. இங்கே நடப்பது நேர் எதிர். இரண்டாம் முறை வேறு முடிவு வந்தால், கேள்வி மூல ஆய்வை நோக்கித் திரும்புகிறது. அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை உழைப்பும். அதையே தலைகீழாக்கும் சொல்லை எப்படி ஏற்பது?

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 1988இல் உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் வேறு இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பேனாவைப் பற்களால் கடித்தால் முகம் தானாகச் சிரிப்பது போல ஆகும். உதடுகளால் பிடித்தால் ஆகாது. அப்படி வைத்துக்கொண்டு கேலிச்சித்திரங்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கடித்தவர்களுக்குச் சித்திரங்கள் கூடுதல் வேடிக்கையாகத் தெரிந்தன. பத்துப் புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.82. 2016இல் 17 ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, சராசரி வித்தியாசம் 0.03. அப்புறம் இன்னொரு விவாதம். 2016இல் பங்கேற்றவர்களைக் கேமராவில் பதிவு செய்தார்கள்; முதல் சோதனையில் கேமரா இல்லை. 2018இல் வேறொரு குழு இரண்டு விதமாகவும் செய்து பார்த்தது. கேமரா இல்லாதபோது விளைவு தெரிந்தது, இருந்தபோது தெரியவில்லை. இந்த மொத்த வழக்கில் நகல் எங்கே இருக்கிறது?

சிலர் மறுஆய்வு என்று எழுதுகிறார்கள். நகலை விடப் பரவாயில்லை, ஆனால் தீர்ப்பையோ முடிவையோ மறுபடி பரிசீலிப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே பயன்படுகிறது. மேசையில் உட்கார்ந்து பழைய தாள்களைப் புரட்டினாலும் அது மறுஆய்வுதான். பழைய தரவையே வாங்கி அதே கணக்கைப் போட்டுச் சரிபார்ப்பதும் ரெப்ளிகேஷன் ஆகாது. அதை மறுகணக்கீடு என்று தனியாகச் சொல்லலாம்.

என் தேர்வு மறுசோதனை. வினையாக வரும்போது 'திரும்பச் செய்து பார்த்தார்கள்' என்றே எழுதலாம். 'செய்து பார்' என்பதில் வரும் பார், சோதிப்பது என்ற பொருளைத் தானே சுமக்கிறது. இவ்வளவு வசதி மொழியிலேயே இருக்கும்போது, அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போவது என்ன பழக்கம்? மொழிபெயர்ப்பவர் வாக்கியத்தை ஒரு முறை தமிழாகப் படித்துப் பார்த்தாலே போதும், நகல் அங்கே இடறும்.

2015இல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய முயற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம், முடிவை வெறும் தற்செயல் என்று ஒதுக்காமல் ஏற்பதற்கான புள்ளியியல் வரம்பைத் தாண்டியிருந்தன. மறுசோதனையில் 36 சதவீதம் தாண்டின. இதைத் தமிழில் 'மறுசோதனைகள் தோல்வி' என்று போடுகிறார்கள். அதுவும் தவறு. சோதனை தோற்கவில்லை, ஒழுங்காக நடந்து ஒரு விடையைத் தந்திருக்கிறது. 'பழைய முடிவு மறுசோதனையில் நிற்கவில்லை' என்று எழுதுங்கள்.