நர்சிங்: செவிலி, தாதி, உழைச்செல்வான்

மருத்துவமனை வார்டில் ஒரே ஆளைக் குறிப்பதற்கு எத்தனை சொற்கள் வழங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பணியாணையில் அவர் செவிலியர். கட்டிலில் கிடப்பவருக்கு அவர் சிஸ்டர், ஆணாக இருந்தால் பிரதர். அவருக்கு மேல்நிலையில் இருந்தவர் நெடுங்காலம் மேட்ரன் என்று அழைக்கப்பட்டார். யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அவரே தாதி. ஆனால் அவர் செய்யும் வேலைக்குப் பெயர் கேட்டால், தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ‘நர்சிங்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வர். உள்நோயாளிகளைப் பேணும் அந்த அடிப்படைப் பணியை ‘நர்சிங்’ என்ற சொல் எந்த அளவுக்கு உணர்த்துகிறது, அதற்கு இணையாகத் தமிழில் எச்சொல்லை ஆளலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

‘நர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். பாலூட்டுதல், ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளுடைய ‘நூட்ரிரே’ என்ற வினையிலிருந்து, பாலூட்டும் பெண்ணைக் குறித்த பெயர்ச்சொல் பிறந்து, பழைய பிரெஞ்சில் ‘நோரிஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘நர்ஸ்’ எனத் தேய்ந்தது. சத்துணவைப் பற்றிப் பேசும்போது நாம் பயன்படுத்தும் ‘நியூட்ரிஷன்’ இதன் உடன்பிறப்பு. எனவே அச்சொல் முதலில் குறித்தது நோயாளிக்கு அருகில் நிற்பவரை அன்று. பிறர் பிள்ளைக்குப் பாலூட்டி வளர்த்த தாயையே குறித்தது. நோயுற்றவரைக் கவனிப்பவர் என்ற பொருள் ஏறக்குறைய 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அதில் ஏறியது. குழந்தையைப் போலவே நோயாளியும் தானாக உண்ணவோ, குளிக்கவோ, புரண்டு படுக்கவோ இயலாதவர் என்பதால் அந்தப் பொருள் மாற்றம் இயல்பாகவே நிகழ்ந்திருக்க வேண்டும்.

இக்காலச் செவிலியத்துக்கு அடித்தளமிட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்கே இச்சொல்லில் முழு நிறைவு இல்லை. கிரிமியப் போரின்போது, 1854ஆம் ஆண்டு நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி படை மருத்துவமனைக்குச் சென்ற அவர், போரில் பட்ட காயத்தைவிட அழுக்கும் நெருக்கடியும் பரப்பிய நோய்களால் வீரர்கள் மிகுதியாக மாண்டதைக் கண்டார். பின்னர் எழுதிய செவிலியக் குறிப்புகளில், வேறு நல்ல சொல் கிடைக்காமையால் ‘நர்சிங்’ என்பதை ஆள்வதாகவும், மருந்து கொடுப்பதும் பற்றுப் போடுவதும் மட்டுமே அதன் பொருள் என்று உலகம் கருதிவிட்டதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். தூய காற்று, வெளிச்சம், இதமான சூடு, தூய்மை, அமைதி, தக்க உணவு ஆகியவற்றைச் சரியாக அமைத்துக் கொடுத்து, நோயாளியின் உயிராற்றல் வீணாகாமல் காப்பதையே அவர் அச்சொல்லால் குறிக்க விரும்பினார். 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழியாக இந்த விரிந்த பொருளே உலகெங்கும் பரவியது.

தமிழில் ‘செவிலி’ நடந்து வந்த பாதையும் ஏறத்தாழ இதுவே என்பது தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் சுவையான ஒற்றுமை. அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி, அச்செவிலியின் மகளே தோழி. ‘தாயெனப் படுவோள் செவிலி யாகும்’ என்று தொல்காப்பியர் உரிமையைப் பெற்றவளுக்குக் கொடுக்காமல் வளர்த்தவளுக்குக் கொடுக்கிறார். தலைவியின் அருமையான மறைச் செய்திகள் அவளிடம் சொல்லப்படுவதே அதற்கு அவர் காட்டும் காரணம். தன்னிடம் வந்த மறையைக் காப்பவள் என்ற அந்தத் தகுதி, நோயாளியின் உடலைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பிறர் அறியாதவற்றை அறிய நேரும் இன்றைய செவிலியருக்கும் முதன்மையான கடமையாக இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செவிலியின் வேலை எத்தகையது என்பதை நற்றிணையின் 110ஆம் பாட்டு கண்முன் நிறுத்துகிறது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திக்கொண்டு, மறுகையில் சிறு கோலை ஓங்கி ‘உண்’ என்று அதட்டும் ‘அரிநரைக் கூந்தல் செம்முது செவிலியர்’ ஓடி ஓடிக் களைத்துவிடுகின்றனர். சிறுமி பந்தலுக்குள் ஓடித் தப்பிவிடுகிறாள். வாயைத் திறக்க மறுக்கும் முதியவருக்குக் கஞ்சி புகட்ட முயன்ற எவருக்கும் இக்காட்சி புதிதன்று. நெடுநல்வாடையில் வரும் ‘செம்முகச் செவிலியர்’ செய்வது வேறு வேலை: கணவனைப் பிரிந்து கட்டிலில் துயருறும் அரசியைச் சூழ்ந்து, குறியனவும் நெடியனவுமாகப் பல சொல்லி ஆற்றுகின்றனர். ஓரிடத்தில் ஊட்டல், ஓரிடத்தில் தேற்றல். இரண்டுமே செவிலியின் வேலையாகவே அங்கு கருதப்பட்டுள்ளன.

வளர்ப்புத் தாயரை ஐவகையாகப் பிரிக்கும் மரபு ஒன்றும் நம் உரையாசிரியர்களிடம் உண்டு. நீராட்டும் ஆட்டுவாள், உணவு தரும் ஊட்டுவாள், தாலாட்டித் தூங்கவைக்கும் ஓலுறுத்துவாள், கதையும் பேச்சும் பழக்கும் நொடிபயிற்றுவாள், தூக்கி ஏந்தும் கைத்தாய் என்று அதில் ஐவர் வருவர். செவிலியப் படிப்பின் முதலாண்டுப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்பட்டியலைப் படித்தால் ஒன்றோடொன்று பொருந்தி வருவது தெரியும். ஆட்டுவாளின் வேலை இன்று படுக்கைக் குளியல். கண்ணை உள்முனையிலிருந்து வெளிமுனை நோக்கித் துடைத்து, முகத்தில் தொடங்கித் தூய்மையான பகுதியிலிருந்து அழுக்கான பகுதிக்குப் போவதும், கழுவும் பகுதியை மட்டும் திறந்து மற்றவற்றை மூடி வைத்து மானம் காப்பதும், கழுவும்போதே தோல் எங்கேனும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதன் முறைகள். ஊட்டுவாள் செய்வது நோயாளியைச் சாய்த்து உட்காரவைத்து, விழுங்க இயல்கிறதா என்று அறிந்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, உண்ட பின்னும் சற்று நேரம் படுக்கவிடாமல் இருத்தி, உட்சென்ற நீரையும் வெளிவந்த சிறுநீரையும் மில்லிலிட்டர் கணக்கில் எழுதிவைப்பது. ஓலுறுத்துவாளுக்கு வார்டில் தாலாட்டுப் பாடும் வேலை இல்லை. ஆனால் இரவில் விளக்கைத் தணிப்பதும், தேவையற்ற ஓசையை அடக்குவதும், வலிக்கு மருந்தைக் காலத்தில் கொடுப்பதும் அவளுடைய பங்கு. நொடிபயிற்றுவாள், ஊசி போடுமுன் எதற்காகப் போடுகிறோம் என்று சொல்பவள். கைத்தாயின் பங்கே மிகக் கடினம். தானாக அசைய இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தம் முதுகும் பிடித்துக்கொள்ளாமல் நோயாளியும் விழாமல் மாற்றுவதும் அவளைச் சேர்ந்தவை.

அமெரிக்கச் செவிலிய அறிஞர் வர்ஜினியா ஹென்டர்சன், 1960இல் வெளிவந்த பன்னாட்டுச் செவிலியர் அவையின் கையேட்டில், அடிப்படைச் செவிலியத்தின் கூறுகளைப் பதினான்காக வகுத்தார். மூச்சு விடுதல், உண்ணல், கழித்தல், அசைதல், உறங்கல், உடுத்தல், உடற்சூடு காத்தல், தூய்மை, இடர் தவிர்த்தல், பேசி உணர்வை வெளியிடல் என்று தொடங்கி, வழிபாடு, வேலை, விளையாட்டு, கற்றல் வரை அவை நீளும். வலிமையும் மனமும் அறிவும் இருந்தால் ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாதபோது செய்ய உதவி, விரைவில் தாமே செய்துகொள்ளும் நிலைக்கு அவரைக் கொண்டுசெல்வதே செவிலியரின் தனிப்பணி என்பது அவர் கொள்கை. குழந்தையை வளர்ப்பவளின் நோக்கமும் ஒருநாள் அது தானே உண்ண வேண்டும் என்பதுதானே!

இருப்பினும் ‘செவிலி’ என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு பாதியும் இப்பணியில் உண்டு. நாடியை எண்ணுவது, மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பது, கை கழுவித் தொற்றைத் தடுப்பது, மாற்றத்தைக் கண்டவுடன் மருத்துவருக்கு அறிவிப்பது ஆகியவை தாய்மையால் மட்டும் வருவன அல்ல. இந்தப் பாதிக்குரிய சொல் திருக்குறளில் இருக்கிறது. ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து’ என்பது 950ஆம் குறள். நோயை உற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கும் சேர்ந்தால்தான் மருத்துவம் என்கிறார் வள்ளுவர். உழை என்பது பக்கம். உழைச்செல்வான் என்றால் பக்கத்தில் சென்று வேண்டுவன செய்பவர். வடமொழி மருத்துவ நூலான சரகத்திலும் இந்த நான்கு உறுப்புகள் பேசப்படுகின்றன. அங்கும் செவிலியரைக் குறிக்கும் ‘உபஸ்தாதா’ என்ற சொல்லுக்கு அருகில் நிற்பவர் என்பதே பொருள். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் உழைச்செல்வானை மருந்தைப் ‘பிழையாமல் இயற்றுவான்’ என்று விளக்கி, நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறம், அறிவு என்று நான்கு தகுதிகளையும் வேண்டுகிறார். அன்பு ஒன்றையே செவிலியரின் இலக்கணமாகப் பேசி மற்ற மூன்றையும் மறந்துவிடும் மேடைப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவ்வுரைதான் நினைவுக்கு வரும். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று இன்று ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்யும் ஐந்து ‘சரி’களை, ‘பிழையாமல்’ என்ற ஒரு சொல்லில் அவர் அடக்கிவிட்டார்.

இப்பணி ஏட்டில் மட்டும் இருந்தது அன்று. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் அங்கு இயங்கிய ஆதுலர்சாலையை விளக்கமாகச் சொல்கிறது. ஆதுலர் என்றால் நோயாளர். பதினைந்து பேர் படுக்கும் அந்தச் சாலைக்கு ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர் ஆகியோருடன், நோயாளரைக் கவனித்து மருந்து ஆக்கிக் கொடுக்கப் பெண்கள் இருவரும் அமர்த்தப்பட்டு ஊதியம் பெற்றனர். இரவில் எரியும் விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டிருந்தது.

இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழில் வழங்கும் ‘தாதி’ வடமொழி ‘தாத்ரி’யின் வழி வந்தது. அதுவும் பாலூட்டுபவளையே குறித்தது. தாதிய உத்தியோகத்தர், தாதியம் என்று அங்கு சொற்கள் சீராகக் கிளைத்துள்ளன. ஆயினும் தமிழ்நாட்டில் தாதி என்பதற்கு ஏவற்பெண், அடிமை என்ற பொருளும் ஏறிவிட்டமையால், இங்கு அது பணியின் மதிப்புக்கு ஒவ்வாததாகத் தோன்றிற்று. ‘ஆயா’ போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. இன்று வார்டில் துணைப்பணியாளரைக் குறிக்கிறது. சிஸ்டர், மேட்ரன் என்பவற்றில் முன்னது கன்னித்துறவியர் நடத்திய மருத்துவமனைகளின் எச்சம். பின்னதற்குள் இலத்தீன் ‘மாத்தெர்’, அதாவது தாய், ஒளிந்திருக்கிறாள்.

ஆளுக்குச் சொல் கிடைத்துவிட்டாலும் செயலுக்குச் சொல் தேவைப்படுகிறது. ‘நர்சிங் கேர்’ என்பதைச் ‘செவிலியர் பராமரிப்பு’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. பராமரிப்பு தவறான சொல் இல்லை. ஆனால் சாலைப் பராமரிப்பு, கட்டடப் பராமரிப்பு, மின்தூக்கிப் பராமரிப்பு என்று உயிரற்றவற்றோடு அது மிகவும் ஒட்டிப்போய்விட்டது. ‘கவனிப்பு’ நல்ல சொல்லாகவே இருந்தது, ‘கொஞ்சம் கவனிச்சிட்டுப் போங்க’ என்று கையை நீட்டும் வழக்கம் அதைக் கெடுக்கும்வரை. ‘பணிவிடை’ என்பது கீழிருந்து மேல்நோக்கிச் செய்யும் தொண்டின் சாயலைக் கொண்டது. இவற்றைவிடப் ‘பேணல்’ பொருந்தும் என்பது என் துணிபு. விரும்புதல், மதித்தல், காத்தல் என்ற மூன்று பொருளும் பேணுதலுக்கு உண்டு. குழந்தையைப் பேணுகிறோம், முதியோரைப் பேணுகிறோம், உடல்நலம் பேணுகிறோம். எனவே ‘உள்நோயாளிகளுக்கான அடிப்படைச் செவிலியப் பேணல்’ என்று எழுதலாம்; படிப்பையும் துறையையும் ‘செவிலியம்’ என்றும், ஒரு நோயாளிக்குச் செய்யப்படுவதைப் ‘பேணல்’ என்றும் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

இதனோடு ஒட்டி வரும் சில சொற்களிலும் கவனம் தேவை. உடற்சூடு, நாடி, மூச்சு, குருதியழுத்தம் ஆகிய நான்கையும் குறிக்கும் ‘வைட்டல் சைன்ஸ்’ என்பதை ‘முக்கிய அறிகுறிகள்’ என்று பெயர்த்திருப்பதைப் பார்க்கிறோம். ‘வைட்டல்’ என்பதன் வேர் உயிரைக் குறிக்கும் இலத்தீன் சொல். அறிகுறி என்பதோ நோயைக் காட்டும் அடையாளம். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் நாடி எந்த நோயின் அறிகுறியும் இல்லை. ஆகவே ‘உயிர்க்குறிகள்’ என்பதே சரி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்க்குப் பின்தலை, தோள்பட்டை, இடுப்பின் கீழ்ப்பகுதி, குதிகால் ஆகிய எலும்பு புடைத்த இடங்களில் வரும் புண்ணைப் ‘படுக்கைப் புண்’ என்கிறோம். அதை உண்டாக்குவது படுக்கை இல்லை. இடைவிடாத அழுத்தத்தால் அவ்விடத்துக்குக் குருதி செல்லாமல் போவதே காரணம். சக்கர நாற்காலியிலேயே அமர்ந்திருப்பவருக்கும் அது வரும் என்பதால் ‘அழுத்தப் புண்’ என்ற சொல் காரணத்தையும் காட்டித் தடுக்கும் வழியையும் காட்டும். படுக்கும் நிலைகளுக்கோ புதுச்சொல்லே வேண்டியதில்லை. மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற என்று எந்தப் பாட்டியும் சொல்லும் சொற்கள் அப்படியே கலைச்சொற்கள் ஆகும் தகுதியுடையவை.

எஞ்சியிருப்பது பால்பற்றிய ஐயம். செவிலி பெண்பாற்சொல், அப்படியானால் ஆடவரை எப்படி அழைப்பது? ‘செவிலியன்’ என்று ஒன்றை ஆக்கிப் பார்த்தவர்களும் உண்டு. அது நாவில் ஏறவில்லை. ‘அர்’ விகுதி பலர்பாலுக்கும் உயர்வுப்பன்மைக்கும் பொதுவானது ஆதலால், ஆசிரியர், மருத்துவர் என்பன போலச் ‘செவிலியர்’ என்பதே இருபாலருக்கும் போதும். தேவைப்படும் இடத்தில் மட்டும் ‘ஆண் செவிலியர்’ என்று அடைகொடுக்கலாம். பன்மைக்குச் ‘செவிலியர்கள்’ என்று இன்னொரு விகுதியைச் சேர்ப்பது இன்று வழக்காகிவிட்டது. நற்றிணைப் புலவருக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் ஒருவரையே மதிப்புடன் செவிலியர் என்று நாம் அழைக்கத் தொடங்கிய பின், பலரைப் பிரித்துச் சொல்ல அந்தக் ‘கள்’ வந்து நின்றதைக் குறைகூற எனக்கு மனமில்லை.